கொஞ்சம் தள்ளி ஒக்காரு

1

இந்த ஊர் டிராமில் யாரும் யாரையும் தள்ளி உட்காரச் சொல்வதில்லை. இருவர் உட்காரும் இருக்கையில் ஒருவர் இருந்தால் அடுத்து ஏறுகிறவர் நின்றுகொண்டே வருகிறார். அதில் அவருக்கு வருத்தம் இருப்பதாகவும் தெரியவில்லை. பக்கத்து இடத்தில் பையை வைத்திருப்பவரிடம் 'பையை எடுங்க' என்று கேட்கலாம் என்ற எண்ணமே எவருக்கும் வருவதில்லை. வந்த புதிதில் இதை மரியாதை என்று நினைத்து வீட்டுக்கு ஃபோனில் பெருமையாகச் சொன்னேன்.

"ஏன்டா, அந்த ஊர்ல யாருக்கும் யாரும் வேணாமா?" என்று கேட்டாள் அம்மா.

ஊரின் பெயர் தம்பெரே. பின்லாந்தில், இரண்டு ஏரிகளுக்கு நடுவே இருக்கிறது. அம்மாவின் வாயில் அது 'தம்பி ஊரு' ஆகிவிட்டது. "உம் புள்ள எங்க இருக்கறான்?" என்று கேட்பவர்களிடம் "தம்பி ஊர்ல" என்கிறாள். எனக்கு ஒரு தம்பி இருப்பதாகவும் அவன் வீட்டில் நான் ஒண்டிக்கொண்டிருப்பதாகவும் கிராமத்தில் பாதிப் பேர் நம்புகிறார்கள்.

எங்கள் கிராமம் கீழ்பென்னாத்தூருக்குப் பக்கம். நெல்லும் மல்லாட்டையும் போடுகிற குடும்பம். வேர்க்கடலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். சிறுவயதில் அம்மாவோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போனால் வண்டியின் பெயர்ப்பலகையைப் படித்துச் சொல்வது என் வேலை. அம்மாவுக்குப் படித்துச் சொன்னதும் பக்கத்தில் நிற்கும் பெண்கள், "எங்களுக்கும் பாத்துச் சொல்லு கண்ணு" என்பார்கள். என் முதல் வாசகர்கள் அவர்கள்தாம். நான் படித்துச் சொன்னதை நம்பி ஏறிப் போனார்கள்.

இப்போது இங்கே ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பிழை தேடும் வேலை. அது சம்பளத்துக்கு. போகிற டிராமிலும் வருகிற டிராமிலும் இன்னொரு பிழை தேடும் வேலை உண்டு. 'மலைசுத்தி' என்ற சின்ன இணைய இதழுக்கு நான் ஆசிரியர். திருவண்ணாமலைப் பக்கம் யாரும் வீட்டில் கிரிவலம் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புவதில்லை. 'மலை சுத்திட்டு வரேன்' என்பார்கள். அங்கிருந்து எடுத்த பெயர். ஒரு கார்த்திகை தீபத்தன்று, வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, எந்த மலையும் தெரியாத ஒரு ஜன்னலோரம் உட்கார்ந்து முதல் இதழை ஏற்றினேன். அதனால் ஒவ்வொரு தீபமும் எங்களுக்கு ஆண்டுமலர். இந்த ஆண்டுமலர் எப்படி வந்தது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

2

எங்களுக்கு எழுதுகிறவர்களில் பலர் முதன்முறையாக எழுதுகிறவர்கள். அவர்களுக்கு என்னால் கொடுக்க முடிந்தது காதுதான். வந்ததை முழுதாகப் படிப்பேன். ஃபோனில் கூப்பிட்டு ஒவ்வொரு வரியாகப் பேசுவேன். அடுத்ததை எப்போது தருவீர்கள் என்று விடாமல் கேட்பேன். கடைசிக் கேள்விக்குத்தான் மதிப்பு அதிகம். நம்மிடம் அடுத்தது ஒன்றை எதிர்பார்க்கிற ஒரு ஆள் இருக்கிறான் என்பது சிலரை எழுத வைத்துவிடுகிறது.

அமுதா அக்கா அப்படி வந்தவர். எங்கள் கிராமத்துக்கு இரண்டு ஊர் தள்ளி. திருவண்ணாமலையைத் தாண்டி ஒரு செருப்புக் கம்பெனியில் தையல் மிஷினில் வேலை. கம்பெனி வேன் விடியும்போது வந்து அள்ளிக்கொண்டு போய், இருட்டியதும் கொண்டுவந்து விடும். முதலில் என்னை 'சார்' என்றார். எந்த ஊர் என்று சொன்னேன். "அடடே, ஏரிக்கரை மேல கோயில் இருக்குமே, அந்த ஊரா?" என்றவர் அந்த நிமிடமே 'தம்பி'க்கு இறங்கிவிட்டார்.

அவர் எழுதுவது வேனில். எழுதுவது என்றால், ஃபோனை வாயருகே பிடித்துக்கொண்டு மெல்லச் சொல்வார்; ஃபோன் அதை எழுத்தாக்கிக்கொள்ளும். வீட்டில் மாமனார் டிவியும் கம்பெனியில் மிஷினும் போக அவருக்கென்று மிச்சம் இருப்பது அந்த வேன் பயணம் மட்டும். ஃபோனுக்கு எது கதை, எது வேன் என்று தெரியாது. கமாவும் கிடையாது, முற்றுப்புள்ளியும் கிடையாது. ஒரு கதை இப்படி வந்தது:

'அந்த வூட்டுக்கு ரெண்டு கதவு இருந்துது ஒண்ணு தெருவ பாத்து இது டவுன் பஸ்சு இல்ல பெரிம்மா கம்பெனி வண்டி எறங்கு இன்னொண்ணு மலைய பாத்து'

டிராமில் உட்கார்ந்து இதைப் படிக்கும்போது சத்தமாகச் சிரிப்பு வரும். இங்கே டிராமில் சிரிப்பதற்குத் தடையேதும் இல்லை. ஆனாலும் அடக்கிக்கொள்வேன். பெரியம்மாவை வேனைவிட்டு இறக்குவேன். கதவுகள் இரண்டையும் சேர்த்து வைப்பேன். ஜன்னலுக்கு வெளியே பிர்ச் மரங்கள் வெள்ளையாக நின்றுகொண்டிருக்கும். கண்ணை மூடினால் அடுத்த நிறுத்தம் கீழ்பென்னாத்தூர் கூட்ரோடாக இருக்கலாம் என்று தோன்றும். ஒலிபெருக்கி வேறு ஏதோ பெயரைச் சொல்லும். அந்தப் பெயருக்கும் நான் பழகிவிட்டேன் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

3

இந்த ஊர் மொழி கடினம். ஆனால் தமிழனுக்கு ஒரு வசதி உண்டு என்று வகுப்பில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். குறில் நெடில் இவர்களுக்கும் உயிர். நாமோ ஒன்றாம் வகுப்பிலேயே மாத்திரைக் கணக்கோடு வளர்ந்தவர்கள்.

குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கப் போயிருந்தேன். வேலை தவிர வேறென்ன செய்கிறீர்கள் என்று அந்த அலுவலகத்து அம்மா கேட்டார். இதழ் நடத்துகிறேன் என்றேன். நிறுவனமா? இல்லை. வருமானம்? இல்லை. பணியாளர்கள்? வேனில் இருக்கிறார்கள் என்று சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு 'பொழுதுபோக்கு' என்று தட்டிக்கொண்டார். கிளம்பும்போது அவர் மொழியிலேயே 'மறுபடி உங்களைச் சந்திக்கிறேன்' என்று பணிவாகச் சொன்னேன். சந்திக்கிறேன் என்பதற்கு 'தபான்'. நான் சொன்னது 'தபன்'. அதற்குக் கொல்கிறேன் என்று பொருள்.

அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "அந்த 'ஆ'வை இன்னும் கொஞ்சம் இழுங்கள்" என்றார்.

அம்மாவிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "இங்க மட்டும் இன்னா வாழுது? நீ இப்பல்லாம் பேசறதே நூஸ் வாசிக்கறாப்ல கீது" என்றாள். பக்கத்திலிருந்து நைனா, "உடு, எட்டத்துல இருக்கறவன்" என்றார். சிரிப்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் ஒரு மொழியில் நெடில் வராமலும் இன்னொன்றில் ஊர் வாடை கம்மியாகியும் நடுவில் எங்கோ நிற்கிறேன் என்று அன்று வீடு வரும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன். அது எனக்குப் பிற்பாடு உதவியது. அடுத்து நடந்தது ஏன் நடந்தது என்று புரிந்துகொள்ள.

4

இந்த மழைக்காலம் தொடங்கியபோது அமுதா அக்கா ஒரு கதை அனுப்பினார். புருஷன் பெங்களூருக்குப் போனவன் திரும்பவில்லை. அவள் வேலைக்குப் போய்ப் பிள்ளையை வளர்க்கிறாள். பௌர்ணமிதோறும் மலை சுற்றுகிறாள். முதலில் அவன் வரவேண்டும் என்பதற்காக, பிறகு பழக்கத்துக்காக, அதற்கும் பிறகு அந்த ராத்திரி நடை அவளுக்குப் பிடித்துப்போனதற்காக. கடைசியில் ஒருநாள் அவன் வந்து வாசலில் நிற்கிறான். முடிவு இப்படி வந்திருந்தது:

'அவன் அவள பாத்தான் அவ ஒண்ணும் சொல்லல கொஞ்சம் தள்ளி ஒக்காரு எனக்கும் எடம் வேணும்ல'

காலை டிராமில் நின்றுகொண்டே படித்தேன். உடம்பு சிலிர்த்தது. இத்தனை வருஷம் கழித்து வந்து நிற்பவனைத் திட்டாமல், அழாமல், அவனை உட்காரவும் வைத்து, தனக்கு இடமும் கேட்கிறாள். முற்றுப்புள்ளி வைத்தேன். மேற்கோள்குறி போட்டேன். 'அவள் ஒன்றும் சொல்லவில்லை' என்பதை 'முதலில் அவள் ஒன்றும் சொல்லவில்லை' என்று ஆக்கினேன். அக்காவுக்கு அனுப்பி, பாருங்கள் என்றேன். அங்கே கம்பெனியில் சாப்பாட்டு நேரம். "சரி தம்பி, போடு" என்று பதில் வந்தது.

போட்டேன். எங்கள் இதழில் எந்தக் கதைக்கும் அவ்வளவு கடிதங்கள் வந்ததில்லை. எல்லாரும் அந்தக் கடைசி வரியைத்தான் சொன்னார்கள். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "நல்லாக் கேட்டா அவ" என்றாள். ரமணாசிரமம் பக்கம் காபிக் கடை வைத்திருக்கும் குமரேசன், கடையின் பின்கட்டில் வாசகர் வட்டம் நடத்துபவர், அமுதா அக்காவை அழைத்து ஒரு கூட்டமே போடுவதாகச் சொன்னார். அக்காவைப் பற்றி நாலு பேர் பேசப்போகிறார்கள். அவரும் பேசலாம். அவர் வாழ்க்கையில் அவருக்காக ஒரு நாற்காலி போடப்போவது அதுதான் முதல் தடவை.

சந்தோஷமாக ஃபோன் செய்தேன். அக்காவின் குரல் ஏறவில்லை.

"தம்பி, கதைய நேத்து வேன்ல சத்தமா படிச்சாங்க."

"அப்படியா? எல்லாரும் என்னக்கா சொன்னாங்க?"

"கடைசி வரி வந்ததும் மும்தாஜ்க்கா ஓட்ற வண்டில எழுந்து நின்னுடுச்சி. 'அடியே, இது நான் உன்ன சொன்னதுடி'ன்னுது. வேனே சிரிச்சிது."

எனக்குப் புரியவில்லை.

"நான் சொன்னது 'அவ ஒண்ணும் சொல்லல'. அதோட கத முடிஞ்சிது. அப்பதான் மும்தாஜ்க்கா ஏறிச்சி, எடம் கேட்டுது. ஃபோனு அதையும் எழுதிக்கிச்சி. நீ அத்த தூக்கி என் பொம்பள வாயில வச்சிட்ட."

டிராம் ஒரு பாலத்தின்மேல் போய்க்கொண்டிருந்தது. கீழே ஏரி, எந்த அலையும் இல்லாமல்.

5

அக்கா கேட்டது ஒன்றுதான். அந்த வரியை எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் கூட்டத்துக்கு வரமாட்டார், இனி எழுதவும் மாட்டார்.

நான் வாதாடிப் பார்த்தேன். எழுதுகிறவர்கள் காதில் விழுவதையெல்லாம் எடுத்துக்கொள்வதுதானே என்றேன்.

"எடுத்தா நான் எடுக்கணும் தம்பி. அதுவா ஏறி ஒக்காந்துகினா எப்படி என்னுது ஆவும்?"

"ஆனா எல்லாருக்கும் அதான்க்கா புடிச்சிருக்குது."

"அது வேணாங்கல. மும்தாஜ்க்கா வாய்க்கு யாருக்குதான் புடிக்காது?" பின்னால் வேனின் இரைச்சல் கேட்டது. "காலைலேந்து படுக்கற வரைக்கும் சத்தம் தம்பி. மிஷினு, வண்டி, டிவி. யாருனா எதுனா கேட்டா ஒடனே பதில் சொல்லணும். ஒருத்தி பதிலே சொல்லாம நிக்கறா. அவன் பாத்துகினே இருக்கறான். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் அந்தக் கதையே சொன்னேன். அதுல போய் எடம் கேட்டா எப்படி?"

ஃபோனை வைத்த பிறகும் நெடுநேரம் அது காதில் இருந்தது. முன்பெல்லாம் ஊர் பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாலும் யார் யாரிடம் என்ன சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். 'தள்ளி ஒக்காரு' என்று யாராவது சொன்னால் உடம்பு தானாகத் தள்ளிக்கொள்ளும். அதில் யாரும் அர்த்தம் தேடமாட்டார்கள். இங்கே வந்து, பக்கத்தில் யாரும் வந்து இடிக்காத இருக்கைகளில் இத்தனை குளிர்காலம் உட்கார்ந்த பிறகு, அந்தச் சொல் எனக்குக் கவிதையாகக் கேட்டிருக்கிறது. நான் ஏங்கிய சத்தத்தைக் கதையில் வைத்தேன். அக்கா ஏங்கிய அமைதி அதில் போய்விட்டது.

வரியை எடுத்தேன். 'முதலில்' என்று நான் சேர்த்ததையும் எடுத்தேன். 'அவள் ஒன்றும் சொல்லவில்லை' என்பதோடு கதை முடிந்தது. கீழே, முன்பு வந்த முடிவு ஆசிரியரின் பிழை என்று என் பெயரோடு குறிப்பும் போட்டேன்.

குமரேசன் உடனே கூப்பிட்டார். "தலைவரே, அந்த வரிய பெரிசாப் போட்டு ஃபிளக்ஸ் அடிச்சாச்சு. இப்ப போய் எடுத்தா?"

"எழுதுனவங்க கேக்கறாங்க."

"எழுதுனவங்களுக்குத் தெரியாதுங்க அதோட ஒசரம். இது இல்லாம அந்தக் கதையில இன்னா கீது சொல்லுங்க?"

"அவங்க கீறாங்க" என்றேன். எனக்கே தெரியாமல் ஊர்ப்பேச்சு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. பார்க்கலாம், தீபக் கூட்டமெல்லாம் போகட்டும் என்றார். எங்கள் பக்கம் 'பார்க்கலாம்' என்றால் என்ன பொருள் என்பது எனக்கு மறந்துவிடவில்லை.

அக்காவிடம் சொன்னேன். கூட்டம் இல்லை என்பதையும் சொன்னேன். "சரி தம்பி" என்றார். யாரோ ஃபோனைப் பிடுங்கும் சத்தம்.

"இன்னா எடிட்டரே, என் வரிய தூக்கிட்டியாமே?"

"மும்தாஜ்க்காவா? ஆமாங்க. மன்னிச்சிக்கோங்க."

"போடும்போதும் என்னிய கேக்கல, தூக்கும்போதும் என்னிய கேக்கல. நல்ல பத்திரிகைடா சாமி." அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அமுதா அக்கா சிரித்தாரா என்று என் காதில் விழவில்லை.

6

அதன் பிறகு அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. 'அடுத்தது எப்போக்கா?' என்று வழக்கம்போல் கேட்டு எழுதினேன். பார்த்துவிட்டதற்கான அடையாளம் மட்டும் வந்தது. ஆண்டுமலரின் முதல் பக்கத்தை அவருக்காகக் காலியாக வைத்திருந்தேன். மற்றவர்களின் கவிதைகளும் கட்டுரைகளும் வந்து, திருத்தி, தயாராகிவிட்டன. ஒருவர் எழுதாமல் போவதற்கு நான் காரணமாகிவிட்டால் இந்த இதழை எதற்காக நடத்துகிறேன் என்று யோசித்தேன். அலுவலகத்து அம்மா தட்டியபடி இது பொழுதுபோக்குதானோ என்றும் தோன்றியது.

கார்த்திகையில் இங்கே மதியம் சாய்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். தீபத்துக்கு முந்தைய நாள். வேலை முடிந்து இறங்கியபோது நல்ல இருட்டு. தெருவிளக்கடியில் பனி மேலிருந்து கீழே வருகிறதா, கீழிருந்து மேலே போகிறதா என்று சொல்ல முடியாதபடி மிதந்துகொண்டிருந்தது. டிராமில் கூட்டம் இருந்தது, சத்தம் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு எதிரில் ஒரு பெரியவர், பக்கத்து இருக்கையில் பையை வைத்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி. கண்ணாடியில் எங்கள் முகங்கள் இரண்டும் பனிமேல் நகர்ந்துகொண்டிருந்தன. அரைத்தூக்கம். இந்நேரம் அங்கே பைபாஸில் வண்டிகள் நின்றிருக்கும், வெளியூர் ஜனம் மூட்டையும் பிள்ளையுமாக டவுனுக்குள் நடந்துகொண்டிருக்கும், மலையுச்சியில் தீபக் கொப்பரை காத்திருக்கும் என்று நினைத்தேன். கோட்டுப் பைக்குள் ஃபோன் நடுங்கியது.

அமுதா அக்கா. நீளமாக, முற்றுப்புள்ளி இல்லாமல்.

'வண்டி நவுற மாதிரி தெரியல எல்லாரும் கொஞ்ச நேரம் வாய மூடிக்கினு வாங்கடி அமுதா எழுதணுமாம் டிரைவரண்ணா பாட்ட நிறுத்து'

அதற்குப் பிறகு கதை. மிஷின் சத்தத்தில் ஒரு காது மந்தமாகிப்போன ஒருத்தி. யாரிடமும் அதைச் சொல்லாமல் வைத்திருக்கிறாள். வீட்டில் சண்டை வரும் ராத்திரிகளில் நல்ல காதைத் தலையணையில் புதைத்துக்கொண்டு, கேட்காத காதை வீட்டுப் பக்கம் காட்டிப் படுக்கிறாள். வரி வரியாகப் படித்துக்கொண்டே போனேன். நடுவில் ஒருவரும் ஏறவில்லை. ஒருவரும் இடம் கேட்கவில்லை. பாட்டு இல்லை, இருமல்கூட இல்லை. அத்தனை பெண்களும் நாள் முழுக்க வேலை செய்த களைப்போடு, தீபக் கூட்டத்து நெரிசலில் நின்றுபோன ஒரு வேனில், ஒருத்தி கதையைச் சொல்லி முடிப்பதற்காகப் பேசாமல் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். ஃபோனுக்குத் தெரியாத அந்த அமைதியை நான் எழுத்துக்கு நடுவே கேட்டேன்.

கடைசியில் இப்படி இருந்தது:

'அவ திரும்பி படுத்தா முடிஞ்சிதாடி முடிஞ்சிதுக்கா அப்ப நாங்க பேசலாமா'

எங்கே வெட்ட வேண்டும் என்று இந்தத் தடவை எனக்குத் தெரிந்தது. இருந்தாலும் அக்காவைக் கேட்காமல் வெட்டுவதாக இல்லை. அதற்கு முன்னால், பேசலாமா என்று கேட்ட மும்தாஜ் அக்காவுக்கு ஒரு பதில் பாக்கி இருந்தது. குளிரில் விரல்கள் மரத்திருந்தன. தட்டெழுத முடியாமல் ஃபோனை வாயருகே கொண்டுபோய்ப் பொத்தானை அழுத்தினேன்.

"பேசலாம்க்கா" என்றேன். அந்த டிராமுக்கு அது கொஞ்சம் ஜாஸ்தி சத்தம்.

எதிரில் இருந்த பெரியவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். தன்னிடம்தான் ஏதோ கேட்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். என்னைப் பார்த்தார், பக்கத்து இருக்கையைப் பார்த்தார், அவசரமாகப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கமாகத் தள்ளி உட்கார்ந்தார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. உட்கார்ந்துகொண்டேன்.